ஒரு சீசன் ஒப்பந்தங்களில் பத்து ஆண்டு: ஊர் ஊராக ஆடிய ஒரு சென்டர் பேக்கின் நிகழ்வு ஆய்வு

ஏன் இந்தப் பதிவு

இந்தியக் கால்பந்தில் தேசிய அணிக்குப் போனவர்களைப் பற்றி நிறைய எழுதப்படுகிறது. இந்த ஆண்டு ஒரு கிளப், அடுத்த ஆண்டு இன்னொரு கிளப் என்று பெட்டியைக் கட்டிக்கொண்டே இருக்கும் வீரர்களைப் பற்றி எழுதுபவர்கள் குறைவு. எந்த லீக்கை எடுத்துக்கொண்டாலும் பெரும்பாலான சட்டைகளைப் போட்டிருப்பவர்கள் இவர்கள்தான். அப்படிப்பட்ட ஒரு சென்டர் பேக்கின், அதாவது தற்காப்பு வரிசையின் நடுவில் ஆடுபவரின், ஆட்ட வாழ்க்கையை, அவருடைய சம்மதத்தோடு இங்கே பதிவு செய்கிறேன். சென்னை லீக்கில் அவருக்குப் பயிற்சியாளராக இருந்தேன். அதற்குப் பிறகும் ஒவ்வொரு ஒப்பந்தம் முடியும்போதும் கூப்பிட்டுப் பேசுவார். அவருடைய பெயரும் அவர் ஆடிய கிளப்புகளின் பெயர்களும் இதில் இல்லை.

பின்னணி

கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கரையில் தூத்தூரைச் சுற்றியுள்ள மீனவ ஊர்களில் ஒன்று அவருடையது. வாரக்கணக்கில் ஆழ்கடலில் தங்கி மீன் பிடிப்பவர்களின் ஊர்கள் அவை. ஊருக்கு ஊர் கால்பந்து அணி உண்டு, விடுமுறை வந்தால் போட்டி உண்டு. ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) வரை போன வீரர் மைக்கேல் சூசைராஜ் இதே கரையிலுள்ள இரவிபுத்தன்துறைக்காரர். அப்பா கடலுக்குப் போனார், அம்மா வீட்டைப் பார்த்துக்கொண்டார், இவர் மணலில் பந்து ஆடி வளர்ந்தார்.

ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் சென்னைக் கல்லூரி ஒன்றில் சேர்ந்து, சீனியர் டிவிஷன் லீக்கில் ஆட வந்தபோது அவருக்கு 19 வயது. வலது கால்காரர். உயரம் ஆறடிக்குச் சற்றுக் குறைவு. மணலில் ஆடி வளர்ந்ததால் கால் பலத்துக்குக் குறைவில்லை, ஆனால் கெட்டியான தரையில் சட்டென்று திரும்பச் சிரமப்பட்டார். முதுகுக்குப் பின்னால் பந்து விழுந்தால் வேகமான ஃபார்வர்டு அவரைத் தாண்டிவிடுவான். அதை அவரே அறிந்து, இரண்டடி பின்னால் நின்றே ஆடுவார். ஹெடருக்கு எப்போது குதிப்பது என்பது அவருக்கு இயல்பாகவே கைவந்திருந்தது. பேசிக்கொண்டேயும் இருப்பார். இடப்பக்கம் யார் ஏறுகிறான், யார் ஆளில்லாமல் நிற்கிறான் என்று பின்வரிசை முழுவதையும் குரலால் நடத்துவார். அந்த வயதில் இது எல்லோருக்கும் வராது.

21 வயது: டிபார்ட்மெண்ட் வேலையா, கிளப்பா

ஒரே மாதத்தில் இரண்டு அழைப்புகள் வந்தன. ஒன்று அரசுத் துறை அணி. நிரந்தர வேலை, காலையில் பயிற்சி, மதியம் ஆபீஸ், வார இறுதியில் சென்னை லீக். இன்னொன்று, அப்போது நாட்டின் முதல்நிலை லீக்காக இருந்த ஐ-லீக்கில் ஆடிய வெளிமாநிலத்து கிளப். ஒரே ஒரு சீசனுக்குத்தான் ஒப்பந்தம். சம்பளம் துறை வேலையைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு.

சென்னைக் கால்பந்து இப்படி வேலை கொடுத்த அணிகளால் வளர்ந்தது. இந்தியன் வங்கி, ஏஜி ஆபீஸ், ரயில்வே என்று எத்தனையோ வீரர்கள் ஓய்வு பெறும் வரை சம்பளம் வாங்கியிருக்கிறார்கள். 1996-ல் தேசிய கால்பந்து லீக் தொடங்கிய பிறகு இந்தியன் வங்கி அதிலும் ஆடியது. 2007-ல் அது ஐ-லீக் ஆனபோது, முழுநேரத் தொழில்முறை கிளப் என்பதுதான் இனி வழி என்ற பேச்சு எழுந்தது. அந்த வழியின் ஆபத்தும் சீக்கிரமே தெரிந்தது. மஹிந்திரா யுனைடெட் 2010-லும் ஜேசிடி 2011-லும் மூடப்பட்டன. இரண்டுமே தேசிய லீக் பட்டம் வென்ற அணிகள்.

அம்மாவுக்கு வேலைதான் வேண்டும். இவர் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது: "வேல வேண்டாம்னு சொல்லல சார். இப்போ போகலன்னா அப்புறம் யாரும் கூப்பிட மாட்டாங்க."

அது நியாயமான கணக்குதான். தற்காப்பு வீரர் பெரிய லீக்கில் ஆடிப் பழக வேண்டிய வயது அது. ரயில்வேயில் விளையாட்டு ஒதுக்கீட்டு வேலைக்கு வயது வரம்பு 25. எனவே மூன்று ஆண்டு கிளப்பில் ஆடிப் பார்ப்பது, 24 ஆகும்போது நிலைமை சரியில்லை என்றால் வேலைக்கு விண்ணப்பிப்பது என்று வீட்டில் பேசி முடிவெடுத்தார்கள்.

முடிவில் தவறில்லை. ஆனால் 'சரியில்லை' என்றால் என்ன என்று யாரும் வரையறுக்கவில்லை. 24 வயது வந்தபோது கையில் ஒரு ஒப்பந்தமும் வங்கியில் கொஞ்சம் பணமும் இருந்தன. வேலையைப் பற்றி யாருக்கும் ஞாபகம் வரவில்லை. அடுத்த ஆண்டு வயது வரம்பு தாண்டிவிட்டது.

ஐஎஸ்எல் வந்ததும் அவருடைய இடமும்

2014-ல் எட்டு அணிகளோடு ஐஎஸ்எல் தொடங்கியது. அக்டோபரில் தொடங்கி டிசம்பரில் முடியும். ஐ-லீக் அதற்குப் பிறகு. ஆகவே இவரைப் போன்ற வீரர்கள் ஐ-லீக் கிளப்பிலிருந்து லோனில், அதாவது தற்காலிகமாக, ஐஎஸ்எல் போய்த் திரும்பி வந்து மறுபடி ஐ-லீக் ஆடலாம். ஓராண்டில் இரண்டு சம்பளம். கிளப் மாறி மாறி ஆடும் இந்திய வீரர்களுக்கு அதைவிட நல்ல காலம் அமைந்ததில்லை என்பது என் எண்ணம்.

ஆனால் சென்டர் பேக்குகளுக்கு அதில் ஒரு சிக்கல் இருந்தது. முதல் மூன்று சீசன்களில் களத்தில் ஆறு வெளிநாட்டு வீரர்கள் வரை ஆடலாம், ஐந்து பேர் இந்தியர்களாக இருந்தால் போதும். எந்தக் கோச்சும் அந்த ஆறு பேரை அணியின் நடுவரிசையில்தான் நிறுத்துவார்: சென்டர் பேக், தற்காப்பு மிட்ஃபீல்டு, ஸ்ட்ரைக்கர். இந்தியர்களுக்கு மிஞ்சுவது கோல்கீப்பரும் இரண்டு ஓரங்களும். இந்திய சென்டர் பேக்குக்கு மிஞ்சிப் போனால் ஒரு இடம், அதற்கு மூன்று நான்கு பேர் போட்டி.

முதல் லோனிலேயே வெளிநாட்டுக் கோச் இவரிடம் ரைட் பேக் (வலது ஓரத் தற்காப்பு) ஆடச் சொன்னார். மறுத்தால் பெஞ்ச். ஒப்புக்கொண்டால் ஆட்டம் கிடைக்கும், ஆனால் தன் பலம் எதுவும் தேவைப்படாத இடம். ஓரத்தில் ஏறி இறங்க வேண்டும், கிராஸ் போட வேண்டும், வேகமான விங்கரை நேருக்கு நேர் மடக்க வேண்டும். ஹெடருக்கும் பின்வரிசையை நடத்துவதற்கும் அங்கே வேலை குறைவு. அவர் ஒப்புக்கொண்டார். ஆடாத வீரனுக்கு அடுத்த ஒப்பந்தம் இல்லை என்பது அவர் சொன்ன காரணம், அது உண்மையும்கூட.

இரண்டு சீசன் ரைட் பேக் ஆடினார். டிவியில் தெரிந்தார், ஊரில் போஸ்டர் ஒட்டினார்கள். அதே சமயம் சந்தையில் அவருடைய முகவரி மங்கியது. ரைட் பேக் தேடும் கிளப் அவரைவிட வேகமான, வயது குறைந்த பையனை எடுத்தது. சென்டர் பேக் தேடும் கிளப், இவர் இரண்டு வருடமாக அங்கே ஆடவில்லையே என்றது. 'எங்கே போட்டாலும் ஆடுவார்' என்ற பெயர் வந்தது. அந்தப் பெயர் வாங்கியவரை அணியில் எடுப்பார்கள், முதல் பதினொருவரில் வைப்பது அரிது. தன் சொந்த இடத்தில் அவர் ஆடிய ஐ-லீக் ஆட்டங்களின் வீடியோ அவரிடம் எதுவும் இல்லை. ஏஜென்ட் அனுப்பியதெல்லாம் ஐஎஸ்எல் துண்டுகள்தான்.

சந்தையும் சுருங்கிக்கொண்டிருந்தது. 2016-ல் சல்காவோகரும் ஸ்போர்ட்டிங் கோவாவும் ஐ-லீக்கிலிருந்து விலகின. 2017-18 சீசனில் ஐஎஸ்எல் பத்து அணிகளாகி, பல மாதம் நீண்டு, ஐ-லீக்குக்கு இணையாகவே நடக்க ஆரம்பித்தது. வீரர் ஏதாவது ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். இரண்டு சம்பளம் ஒன்றானது. அந்த ஆண்டு டிராஃப்டில், அதாவது அணிகள் முறை வைத்து வீரர்களை எடுக்கும் தேர்வில், எந்த ஐஎஸ்எல் அணியும் இவரை எடுக்கவில்லை. லீக் தொடங்க மிகக் குறைந்த நாட்களே இருந்தபோது வேறொரு தொழில்முறை கிளப்பில், முன்பு வாங்கியதில் பாதிச் சம்பளத்துக்குச் சேர்ந்தார்.

நின்றுபோன சம்பளமும் செவன்ஸும்

2017 நவம்பர் 30-ல் ஒக்கி புயல் அந்தக் கரையைத் தாக்கியது. கடலுக்குப் போனவர்களில் திரும்பாதவர்கள் இவருடைய உறவிலும் இருந்தார்கள். அப்பா கரையில்தான் இருந்தார், ஆனால் அதற்குப் பிறகு பல மாதம் தொழிலுக்குப் போகவில்லை. வீட்டுக்கு வந்த ஒரே வருமானம் இவர் அனுப்பிய பணம்.

அதே சமயத்தில் கிளப் சம்பளத்தை நிறுத்தியது. முதலில் தாமதம் என்றார்கள், பிறகு ஸ்பான்சர் பணம் வரட்டும் என்றார்கள். சீசன் முடிந்தபோது மூன்று மாதச் சம்பளம் பாக்கி.

மலப்புறத்திலும் பாலக்காட்டிலும் கோழிக்கோட்டிலும் நடக்கும் செவன்ஸ் போட்டிகளைக் கேரள எல்லை வீரர்கள் எல்லோருக்கும் தெரியும். ஏழு பேர் அணி, ராத்திரி விளக்கு வெளிச்சம், கமுகு மரத்தில் கட்டிய கேலரி, நிரம்பி வழியும் கூட்டம். தேசியச் சம்மேளனத்தின் அங்கீகாரம் கிடையாது. பதிவு பெற்ற வீரர்கள் ஆடக்கூடாது என்று கிளப் ஒப்பந்தத்தில் எழுதியிருப்பார்கள். ஆனால் ஆட்டம் முடிந்த ராத்திரியே காசு கையில் வரும். சம்பளம் வராத வீரருக்கு அது எப்படிப்பட்ட ஈர்ப்பு என்பதை நல்ல வேலையில் இருப்பவர்கள் புரிந்துகொள்வது கடினம். அவர் ஆடினார். நான்காவது ஆட்டத்தில், கெட்டித் தரையில் ஒரு பையனைத் தடுக்கத் திரும்பியபோது வலது முழங்காலில் மூட்டைப் பிடித்து நிறுத்தும் ஏசிஎல் என்ற தசைநார் கிழிந்தது. உடம்பு சரிவதற்கு முன்பே சத்தம் கேட்டது என்றார்.

முழங்காலுக்குப் பிறகு எடுத்த முடிவுகள்

முதல் கேள்வி: கிளப்பிடம் என்ன சொல்வது? பயிற்சியில் அடிபட்டது என்று சொல்லும்படி கூட ஆடியவர்கள் சிலர் யோசனை சொன்னார்கள். ஒப்பந்தம் முடிய இன்னும் சில வாரம் இருந்ததால், அப்படிச் சொன்னால் அறுவைச் சிகிச்சைச் செலவைக் கேட்க முடியும். அவர் என்னிடம் கேட்டபோது வேண்டாம் என்றேன். செவன்ஸ் ஆட்டங்களை ஆயிரக்கணக்கானோர் போனில் படமெடுக்கிறார்கள். பொய் வெளிவந்தால் மூன்று மாதப் பாக்கியைக் கேட்கும் உரிமையும் சேர்ந்து அடிபடும்.

உண்மையைச் சொன்னார். கிளப் உடனே ஒப்பந்தத்தை முறித்தது. சிகிச்சைக்குப் பணமில்லை, பாக்கியும் இல்லை என்றது.

இங்கே இரண்டு விஷயங்களைப் பிரித்துப் பார்த்ததுதான் உதவியது. செவன்ஸ் ஆடியது ஒப்பந்த மீறல், சரி. அதனால் சிகிச்சைச் செலவைக் கேட்க அவருக்கு இடமில்லை. ஆனால் பாக்கி மூன்று மாதம் காயத்துக்கு முன்பே அவர் உழைத்துச் சம்பாதித்த பணம். பின்னால் நடந்த மீறல் அதை அழித்துவிடாது. இதை மட்டும் வைத்து, சிகிச்சையைப் பற்றி ஒரு வார்த்தையும் எழுதாமல், தேசியச் சம்மேளனத்தின் வீரர் நிலைக் குழுவுக்கு மனு கொடுத்தார். மனுவோடு வைக்க ஒப்பந்தத்தின் நகல் வேண்டும். அவரிடம் இல்லை. கையெழுத்துப் போட்டதும் கிளப் மேனேஜர் வாங்கி வைத்துக்கொண்டார், நகல் கேட்கத் தோன்றவில்லை. வங்கிக் கணக்கில் முந்தைய மாதங்களின் வரவும், மேனேஜர் வாட்ஸ்அப்பில் 'அடுத்த வாரம் போடுகிறோம்' என்று அனுப்பிய செய்திகளும்தான் கைகொடுத்தன. நீண்ட இழுபறிக்குப் பிறகு, பாக்கியில் ஏறத்தாழ பாதித் தொகைக்குச் சமரசம் ஆனது.

அறுவைச் சிகிச்சை சென்னையில் நடந்தது. அம்மாவின் நகை அடகுக்குப் போனது. மீதியைப் பழைய அணித் தோழர்கள் போட்டார்கள்.

இரண்டாவது பெரிய முடிவு ஏழாவது மாதத்தில் வந்தது. ஒரு ஐ-லீக் கிளப்பின் டிரையலுக்கு அழைப்பு. ஓடினார், குதித்தார், வலியில்லை. ஆனால் ஃபிசியோ எடுத்த அளவில் வலது தொடையின் பலம் இடது தொடையில் முக்கால் பங்குதான் இருந்தது. ஏசிஎல் சிகிச்சைக்குப் பிறகு ஒன்பது மாதத்துக்கு முன்பே போட்டிக்குத் திரும்புபவர்களுக்கு மறுபடி கிழியும் வாய்ப்பு கணிசமாகக் கூடுகிறது. தொடைப் பலம் இடது வலது சமமாகாமல் திரும்பினாலும் அப்படித்தான். மறுபடி கிழிந்தால் 27 வயதில் ஆட்டம் முடிந்துவிடும். போகாவிட்டால் ஒரு முழு சீசன் வருமானமில்லை. அவர் போகவில்லை. அந்தப் பத்தாண்டில் அவர் எடுத்த சிறந்த முடிவு இது என்றே நினைக்கிறேன். அந்த மாதங்களில் ஊரில் ஒரு மீன் கம்பெனியில் கணக்கு எழுதினார், மாலையில் பையன்களுக்குப் பந்து சொல்லிக்கொடுத்தார்.

திரும்பி வந்த சென்டர் பேக்

பதினோராவது மாதத்தில் கீழ்ப் பிரிவு கிளப் ஒன்றில் சேர்ந்தார். சம்பளம் குறைவு. ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: சென்டர் பேக்கில் மட்டும் ஆடுவேன். சிறிய கிளப் என்பதால் ஒப்புக்கொண்டார்கள். இந்த முறை ஒவ்வொரு ஆட்டத்தையும் தம்பியிடம் சொல்லிப் போனில் படமெடுக்கவும் வைத்தார்.

2020 மார்ச்சில் கொரோனாவால் எல்லாம் நின்றது. 2021 ஜனவரியில் ஐ-லீக்கை முழுவதும் கொல்கத்தாவிலும் சுற்றுப்புறத்திலும் பயோபபிளில், அதாவது வெளியாட்களோடு தொடர்பில்லாமல் தனிமைப்படுத்தி, நடத்தினார்கள். அதற்கு ஆள் சேர்த்த ஒரு கிளப், தம்பி எடுத்த அந்த வீடியோக்களைப் பார்த்து இவரைக் கூப்பிட்டது. கையெழுத்தான பிறகு முழங்கால் எம்ஆர்ஐ எடுத்துவிட்டு, ஒப்பந்தத்தை ரத்து செய்யப் பார்த்தார்கள். கையெழுத்தான ஒப்பந்தம் செல்லுமா செல்லாதா என்பதை மருத்துவப் பரிசோதனை முடிவோடு கட்டக்கூடாது என்று உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவின் வீரர் மாற்ற விதிகளில் இருக்கிறது. பார்ப்பதாக இருந்தால் கையெழுத்துக்கு முன்பே பார்த்திருக்க வேண்டும். இந்த முறை நகலும் சிகிச்சை அறிக்கைகளும் தொடைப் பல அளவுகளும் ஒரே கோப்பில் அவரிடம் இருந்தன. சண்டை போடாமல், கோப்பைக் கிளப் டாக்டரிடம் கொடுத்து விளக்கினார். ஒப்பந்தம் நின்றது.

அதற்குப் பிறகு வந்த மூன்று சீசன்கள் அவர் ஆடியவற்றிலேயே நல்லவை. வேகம் குறைந்திருந்தது, ஆனால் அவர் எப்போதும் வேகத்தை நம்பி ஆடியவரல்ல. பந்து எங்கே விழும் என்று முன்பே நகர்ந்துவிடுவார். பக்கத்தில் ஆடிய 20 வயதுப் பையனைக் குரலாலேயே தயார் செய்தார். ஐ-லீக் இடைவெளியில் கொல்கத்தா லீக்கிலும் ஆடினார். 2021-22-ல் ஐஎஸ்எல் களத்தில் வெளிநாட்டவர் எண்ணிக்கையை நான்காகக் குறைத்தபோது இந்திய சென்டர் பேக்குகளுக்குத் தேவை கூடியது. ஆனால் அந்த இடங்கள் இளையவர்களுக்குப் போயின. அவருக்கு அது ஏழு ஆண்டு தாமதமாக வந்த விதி.

விளைவு

32 வயதில் முழங்கால் வீக்கம் ஆட்டத்துக்கு ஆட்டம் வர ஆரம்பித்ததும் நிறுத்தினார். பத்தாண்டுகளுக்கு மேல், பல கிளப்புகள். அவற்றில் ஒன்றில்கூட இரண்டாவது சீசன் இல்லை. நகையை மீட்டார், ஓடு வேய்ந்த வீட்டைக் கான்கிரீட் ஆக்கினார், தங்கையின் திருமணத்தை நடத்தினார். ஓய்வூதியமோ மருத்துவக் காப்பீடோ இல்லை. கடைசி இரண்டு சீசன்களில் பயிற்சியாளர் உரிமங்களை ஒவ்வொன்றாக முடித்து வைத்திருந்ததால், ஆட்டத்தை நிறுத்திய சில மாதங்களில் ஒரு பள்ளியில் கோச்சாகச் சேர முடிந்தது. டிபார்ட்மெண்ட் வேலையை எடுத்திருக்கலாமா என்று அவரிடம் கேட்டேன். "எடுத்திருந்தா அம்மா நிம்மதியா இருந்திருப்பாங்க சார். நான் இருந்திருப்பேனான்னு தெரியல" என்றார்.

மறுபடி நடந்தால் மாற்ற வேண்டியவை

கிளப்பைத் தேர்ந்தெடுப்பவர்களிடம் நான் முதலில் சொல்வது, வேலைக்கான வயது வரம்பைக் காலண்டரில் எழுதி, அன்றைக்கு எந்த நிலையில் இருந்தால் விண்ணப்பிப்பது என்று எண்ணோடு எழுதி வைக்க வேண்டும் என்பதுதான். 'அடுத்த சீசனுக்கு இன்ன தொகைக்குக் கையெழுத்தான ஒப்பந்தம் இல்லையென்றால்' என்பது போல. பேச்சளவில் இருந்த திட்டம் இவர் விஷயத்தில் கரைந்துபோனது.

இடம் மாறி ஆடச் சொன்னால் ஒப்புக்கொள்வதில் தப்பில்லை. ஆனால் ஒரு சீசனுக்கு மேல் தொடர்ந்தால், சொந்த இடத்தில் ஆடிய வீடியோவைப் புதுப்பித்துக்கொள்ள மாநில லீக்கிலாவது வழி தேட வேண்டும். ஏஜென்ட் எதை அனுப்புகிறார் என்று வீரரே பார்க்க வேண்டும். ஏஜென்டுகளுக்கு 2023 முதல் ஃபிஃபா தேர்வும் உரிமமும் கட்டாயம். உரிமம் இருக்கிறதா என்று கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

சம்பளப் பாக்கிக்கு இன்று அவர் காலத்தைவிடத் தெளிவான வழி இருக்கிறது. 2018 ஜூனில் ஃபிஃபா விதிகளில் ஒரு பிரிவு சேர்ந்தது. இரண்டு மாதச் சம்பளம் நின்றால், குறைந்தது 15 நாள் அவகாசம் கொடுத்து எழுத்தில் நோட்டீஸ் அனுப்பி, அதற்கும் பணம் வராவிட்டால் வீரர் நியாயமான காரணத்தோடு ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளலாம். அந்த நோட்டீஸை எழுத இந்தியக் கால்பந்து வீரர்கள் சங்கத்தின் உதவியைக் கேட்கலாம். இரண்டாவது மாதமே எழுத வேண்டும். மூன்றாவது மாதம் செவன்ஸ் கேலரியின் முன்னால் நின்றுகொண்டு யோசிப்பது தாமதம்.

செவன்ஸைப் பொறுத்தவரை, ஆடாதே என்று சொல்வது மட்டும் போதாது என்பது என் கருத்து. அங்கே காயம்பட்டால் கிளப் காப்பீடு கைகொடுக்காது. போட்டி நடத்துபவர்கள் டிக்கெட் வசூலிலிருந்து ஒவ்வொரு வீரருக்கும் அந்த சீசனுக்கு விபத்துக் காப்பீடு எடுத்துவிட்டால், ஒரு முழங்காலுக்காக அம்மாவின் நகை அடகுக்குப் போக வேண்டியிருக்காது. இதை மலப்புறத்தில் எனக்குத் தெரிந்த இரண்டு அமைப்பாளர்களிடம் பேசியிருக்கிறேன். ஒருவர் வரும் சீசனில் செய்து பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்.